தொலைந்த வலை: தொலையாமல் காப்பது, தேடி எடுப்பது, கரையில் தரம் பிரிப்பது

கடலில் கைவிட்டுப் போன வலை மீன் பிடிப்பதை நிறுத்துவதில்லை. பிடித்ததை எடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வெளிச்சம் விழும் ஆழத்தில் தொலைந்த நைலான் செவுள்வலை (மீனின் செவுளில் மாட்டிப் பிடிக்கும் வலை) சில வாரங்களில் பாசி பிடித்துக் கனத்துச் சரியும். மீனின் கண்ணுக்கும் தெரிய ஆரம்பிக்கும், பிடிப்பு குறையும். குளிர்ந்த ஆழ்கடலில் பாசி அவ்வளவாகப் பிடிக்காததால் அதே வலை அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். நண்டு பிடிக்கக் கடலடியில் வைக்கும் கூடு இன்னும் மோசம்: உள்ளே செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரையாகிவிடும்.

2022-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, மீன்பிடிக் கருவிகளில் ஏறத்தாழ 2 விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் தொலைகிறது. செவுள்வலை மட்டும் 2,963 சதுர கிலோமீட்டர், கூடுகள் சுமார் 2.5 கோடி. ஆண்டுக்கு 6,40,000 டன் என்று எங்கு பார்த்தாலும் சுற்றும் எண்ணை மட்டும் எடுத்தாளாதீர்கள். கடற்குப்பை பற்றிய பழைய மதிப்பீடு ஒன்றை எடுத்து, அதில் பத்து விழுக்காடு மீன்பிடிக் கருவி என்று வைத்துப் போட்ட கணக்கு அது. யாரும் அளந்து சொன்னதல்ல.

சிறு படகில் வலையும் கூடும் விடுபவர்கள், கைவிட்ட வலையை எடுக்கப் போகும் முக்குளிப்பவர்கள், கரையைச் சுத்தம் செய்யும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக எழுதியது இது.

மிதவைக் கயிற்றில் இருந்து தொடங்குங்கள்

அடியில் வலை பத்திரமாகவே கிடக்கும். மேலே மிதவை போய்விட்டால் அந்த நிமிடத்தில் அது தொலைந்த வலை. அதனால் முதல் கவனம் வலையைவிட மிதவைக் கயிற்றுக்கே தேவை.

கயிற்றின் நீளத்தை, கடல் ஏறியிருக்கும்போது உள்ள ஆழத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வற்றியிருக்கும்போது ஆழம் 20 மீட்டர், ஏற்றம் 2 மீட்டர் என்றால் மொத்தம் 22. நீரோட்டம் உள்ள இடத்தில் இதன் ஒன்றரை மடங்கு, அதாவது 33 மீட்டர் கயிறு வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் ஓட்டம் வலுக்கும்போது மிதவை நீருக்குள் அமுங்கிவிடும். தேடிப் போனவர் வலை தொலைந்தது என்று திரும்பிவிடுவார், அதுவோ அவர் படகுக்குக் கீழேயே இருக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் ஓட்டம் அடங்கும் நேரம் வரை காத்திருந்து பாருங்கள்.

கயிறு அதிக நீளமாக இருந்தால் வேறு தொல்லை. பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும் இனம். தளர்ந்த பகுதி நீர்மட்டத்தில் பரவிக் கிடந்து, வருகிற படகின் காற்றாடியில் (இயந்திரம் நீருக்குள் சுழற்றும் விசிறியில்) மாட்டி அறுபடும். இதற்கு இரண்டு வகைக் கயிற்றை இணைப்பதே சரியான வழி. மேல் மூன்றில் ஒரு பங்கு மூழ்கும் கயிறு, அதாவது நைலான் அல்லது பாலியெஸ்டர். கீழ்ப்பகுதி மிதக்கும் கயிறு. மேலே தளர்வு நீருக்குள் தொங்கும், கீழே கயிறு பாறையில் உரசாமல் எழும்பி நிற்கும். கைவசம் மிதக்கும் கயிறு மட்டும்தான் என்றால் மிதவைக்கு 4, 5 மீட்டர் கீழே சிறு ஈயக்குண்டு ஒன்றைக் கட்டுங்கள்.

முடிச்சையும் பாருங்கள். ஈர நைலான் வழுக்கும். முடிச்சுக்கு வெளியே கயிற்றின் தடிமனைப் போலப் பத்து மடங்காவது வால் விட்டு, அந்த வாலை மெல்லிய நூலால் தாய்க்கயிற்றோடு சுற்றிக் கட்டுங்கள். அலையில் மிதவை சுழன்றுகொண்டே இருக்கும். நடுவில் ஒரு சுழல் வளையம் இல்லையென்றால் கயிறு முறுக்கேறி, முடிச்சுக்குப் பக்கத்தில்தான் அறுபடும்.

வலையின் இரு முனையிலும் மிதவை வேண்டும். ஒரு முனையோடு நிறுத்திக்கொண்டால் ஒரே ஒரு காற்றாடி போதும், முழு வலையும் போய்விடும். படகின் பதிவெண்ணை மிதவையில் எழுதுவது எல்லோரும் செய்வது. ஆனால் முதலில் அறுந்து போவதும் மிதவைதான். ஆகவே வலையின் மேல்கயிற்றிலேயே, ஒவ்வொரு துண்டும் இணையும் இடத்தில், எண் பதித்த சிறு தகட்டை நூலோடு சேர்த்துக் கட்டுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு 2018-இல் ஏற்ற கருவி அடையாளமிடல் வழிகாட்டுதலின் அடிப்படையும் இதுதான்: கருவி யாருடையது, எங்கே கிடக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நாளில் வாங்கி முடிக்கக்கூடிய, அதாவது படகுக்கு இழுத்தெடுத்து முடிக்கக்கூடிய, அளவு வலையை மட்டும் விடுங்கள். காற்று வலுக்கும் என்ற அறிவிப்பு வந்த பிறகு வலையை உள்ளே விட்டுவிட்டுக் கரைக்கு வருவது, தொலைக்கத் தயாராகிவிட்டதற்குச் சமம். இழுவைப் படகுகள் ஓடும் தடத்தில் வலை விட நேர்ந்தால் இரு முனைகளின் இடத்தையும் வானொலியில் சொல்லிவிடுங்கள்.

கூட்டுக்கு ஒரு தப்பு வழி

தொலைந்த கூட்டைத் தேடி எடுப்பதைவிட, தொலைந்த பின் அது தானே திறந்துகொள்ளும்படி செய்வது எளிது, மலிவும்கூட. கூட்டின் பக்கச் சுவரில் ஒரு கீறல் வெட்டி, அதைப் பருத்தி நூலால் தைத்து மூடுவதுதான் முறை. நூல் மக்கியதும் வாய் திறக்கும். அலாஸ்காவின் நண்டுக் கூடு விதிகளில் உள்ள அளவு நல்ல மாதிரி: கீறல் சுமார் 46 செ.மீ. நீளம், தரையில் இருந்து 15 செ.மீ.க்குள், தரைக்கு இணையாக. நண்டு அடியோரமாக ஊர்ந்து வழி தேடும் என்பதால்தான் அந்த உயரம்.

தையல் ஒரே நூலாக ஓட வேண்டும். முடிச்சு இரு முனையிலும் மட்டும். இடையிடையே முடிச்சுப் போட்டால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல்கள் பிடித்துக்கொள்ளும், வாய் திறக்காது. நூல் நூறு விழுக்காடு பருத்தியாக, மெழுகோ தாரோ ஏறாததாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த தையல் நூல் பார்ப்பதற்குப் பருத்தி போலவே இருக்கும், மக்காது. ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், கலப்பு நூல் உருகிக் கட்டி தட்டும்.

எத்தனை நாளில் மக்கும் என்பது நூலின் தடிமனையும் நீரின் சூட்டையும் பொறுத்தது. பொதுவான எண்ணை நம்பாமல், நீங்கள் கூடு வைக்கும் இடத்திலேயே நூல் துண்டுகள் சிலவற்றைக் கட்டித் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து இழுத்துப் பாருங்கள். கிடைக்கும் காலத்தில் பாதியிலேயே நூலை மாற்றிவிட்டால் பிடிப்பும் போகாது.

தொலைந்தது தெரிந்ததும்

முதல் வேலை இடத்தைப் பதிவது. தேட ஆரம்பிப்பதற்கு முன்பே ஜி.பி.எஸ். கருவியில் பொத்தானை அழுத்துங்கள். கயிறு கட்டிய கல்லோடு அடையாள மிதவை ஒன்றையும் அங்கே போட்டுவிடுங்கள். பிறகு, தாளில்: நேரம், ஆழம், அடித்தரை மணலா பாறையா, நீரோட்டத்தின் திசை, வலையின் வகை, நீளம், கண்ணி அளவு, நிறம், கடைசியாக வாங்கிய நாள்.

இடத்தை எழுதும்போது அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. கருவியில் 10 பாகை (டிகிரி) 15.500 கலை (நிமிடம்) என்று காட்டுவதை 10.155 என்று எழுதிவிடுவார்கள். கலையை 60-ஆல் வகுக்க வேண்டும், சரியான விடை 10.2583. இரண்டுக்கும் இடையே 6.2 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டருக்கு மேல். முழு நாள் தேடலும் வீணாக இது ஒன்று போதும். எந்த வடிவில் எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

அடியில் பதிந்த வலை அதிகம் நகராது. மிதந்து போகும் வலைக்கு ஓட்டத்தின் வேகத்தை நேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு அரை கடல் மைல் ஓட்டத்தில் ஆறு மணி நேரத்துக்கு மூன்று கடல் மைல். ஏற்ற இறக்கத்தோடு ஓட்டமும் திசை மாறும் இடங்களில் வலை போன வழியே திரும்பியும் வரும், ஆகவே அந்த ஓட்டக் கோட்டின் இரு பக்கமும் தேடுங்கள்.

எடுக்க முடியவில்லையென்றால் அறிவியுங்கள். அபராதம் விழும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். கப்பல் கழிவுகளைப் பற்றிய மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு, பிளாஸ்டிக் வலையையும் கயிற்றையும் கடலில் வீசுவதை அடியோடு தடுக்கிறது. அதே இணைப்பு, தகுந்த முன்னெச்சரிக்கை எடுத்தும் தற்செயலாகத் தொலைந்ததைக் குற்றமாகக் கொள்வதில்லை. சுற்றுச்சூழலுக்கோ கப்பலோட்டத்துக்கோ பெரிய ஆபத்தாகும் இழப்பை அரசுக்கு அறிவிக்கச் சொல்கிறது. நார்வே 1980-களிலிருந்தே ஆண்டுதோறும் கப்பல் அனுப்பித் தொலைந்த வலைகளை எடுக்கிறது. எங்கே தேடுவது என்பதை மீனவர்களின் அறிவிப்பை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

பாதாளக்கரண்டி போடுவது

மணல், சேற்றுத் தரையில் மட்டும் இதைச் செய்யுங்கள். பவளப்பாறையிலும் கடற்புல் படுகையிலும் கொக்கியை இழுத்தால் வலை செய்யும் சேதத்தைவிட நீங்கள் செய்யும் சேதம் பெரிது.

கிணற்றில் விழுந்த வாளிக்குப் போடும் பாதாளக்கரண்டியேதான், இரும்புக் கம்பி தடித்ததாக இருக்கும். கொக்கிக்கு முன்னால் ஒன்றிரண்டு மீட்டர் சங்கிலி கட்டுங்கள், இல்லையென்றால் அது தரையில் படாமல் மிதந்து வரும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். வேகம் மணிக்கு 1, 2 கடல் மைலுக்கு மேல் வேண்டாம். வலை கிடக்கும் வாட்டத்துக்குக் குறுக்கே இழுக்க வேண்டும், வாட்டத்திலேயே இழுத்தால் பக்கத்தில் உரசிப் போகும். செவுள்வலையை ஆழக் கோட்டை ஒட்டி விட்டிருந்தால், ஆழத்தில் இருந்து கரையை நோக்கி இழுங்கள்.

கொக்கி பாறையில் மாட்டிக்கொண்டால் அதுவும் தொலைந்த கருவியாகிவிடும். தாய்க்கயிற்றைக் கொக்கியின் மேல் வளையத்தில் கட்டாமல், அடிப்பக்கம் கைகள் கூடும் இடத்தில் கட்டுங்கள். பிறகு கயிற்றை மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் ஒட்டிக் கட்டுங்கள். பலமாக இழுத்தால் நூல் அறும், கொக்கி பின்பக்கமாகப் புரண்டு வெளியே வந்துவிடும். நூலின் பலம் வலையைத் தாங்க வேண்டும், பாறைக்கு அறுந்துவிட வேண்டும். இரண்டு மூன்று தடிமன்களை முயன்று பார்த்துத்தான் பிடிபடும்.

மாட்டியதும் இயந்திரத்தைக் கூட்டி இழுக்காதீர்கள். படகின் முன்னணியத்தில் (முன்முனையில்) இருந்து கையாலோ உருளையாலோ வாங்குங்கள். ஓட்டத்தில் பின்பக்கமோ பக்கவாட்டிலோ சுமை இழுத்தால் சிறு படகு நீர் வாங்கிக் கவிழும். கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், கயிற்றுச் சுருளுக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. நைலானின் அடர்த்தி 1.14, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. அதனால் ஒரு கிலோ நைலான் கடலுக்குள் ஏறத்தாழ 100 கிராம்தான் கனக்கும். ஈயம் அப்படியல்ல, ஒரு கிலோ ஈயம் உள்ளேயும் 900 கிராம் கனக்கும். 100 கிலோ நைலானும் 30 கிலோ ஈயமும் உள்ள வலை அடியில் 37 கிலோபோலத் தோன்றும், நீரைவிட்டு வெளியே வரும்போது 130 கிலோ. அதற்கு மேல் பாசி, சேறு, கண்ணியில் தேங்கிய நீர். எளிதாக வந்துகொண்டிருந்த வலை படகு விளிம்பில் திடீரென நின்றுவிடுவது இதனால்தான். முழுக்க ஏற்ற முயலாமல், விளிம்பில் கட்டிப் பகுதி பகுதியாக வெட்டி ஏற்றுங்கள். வெட்டிய முனை மறுபடி நழுவாதபடி ஒவ்வொரு முறையும் முதலில் கட்டு, பிறகு வெட்டு.

முக்குளிப்பவர்களுக்கு

பொழுதுபோக்கு முக்குளிப்புச் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. கடலடிச் சுமை தூக்கவும் வலை வெட்டவும் தனிப் பயிற்சி பெற்ற குழு இல்லாவிட்டால், இடத்தைக் குறித்து மிதவை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். அதுவே பெரிய உதவி.

பயிற்சி உள்ளவர்களும் ஓட்டம் அடங்கிய நேரத்தில் மட்டும் இறங்க வேண்டும். நீருக்குள் இருவர், மேலே ஒருவர் என்பது குறைந்தபட்சம். ஆளுக்கு இரண்டு வெட்டும் கருவிகள், இரு கையாலும் எட்டும் இடங்களில். மெல்லிய நைலானுக்குக் கத்தியைவிட முதலுதவிக் கத்தரி நன்றாக வெட்டும், தடித்த கயிற்றுக்குப் பல் வைத்த கத்தி. தொங்கும் எதுவும் உடலில் வேண்டாம்: மூச்சுக்குழாயைக் கழற்றிவிடுங்கள், அளவிகளை மார்போடு மாட்டுங்கள், துடுப்புக் காலணிப் பட்டையின் நுனிகளை உள்பக்கம் திருப்பி ஒட்டுங்கள்.

வலைக்கு அடியிலோ அதன் மடிப்புக்குள்ளோ நுழையக் கூடாது. வெளி விளிம்பில் இருந்து உள்ளே வெட்டி வாருங்கள். மாட்டிக்கொண்டால் திரும்பிப் பார்க்க நினைக்காதீர்கள், ஒரு சுற்று சுழன்றால் வலை உடம்பில் ஒரு சுற்று ஏறும். அசையாமல் நின்று கூட்டாளிக்குச் சைகை கொடுத்து, வந்த வழியே பின்னோக்கி நகருங்கள்.

பவளத்தின்மேல் கிடக்கும் வலையை இழுக்கவே கூடாது. கிளையைச் சுற்றி வெட்டி விடுவிக்க வேண்டும். பவளம் வலையின் மீதே வளர்ந்து மூடிவிட்டிருந்தால், வெளியே தொங்கும் பகுதியை வெட்டிவிட்டு மீதியை விட்டுவிடுவது மேல். இது பலருக்கு மனம் ஒப்பாத முடிவு, ஆனாலும் இறுகிப்போன அந்த நூலால் இனிப் பெரிய கேடில்லை.

வலையை மேலே தூக்கக் கட்டும் காற்றுப் பை ஒரு லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அடைத்த காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரியும், 20 மீட்டரில் இருந்து வந்தால் மூன்று மடங்கு. பாதி நிரப்பிய பையும் ஏற ஏற வேகம் பிடிப்பது இதனால். சுமை தரையைவிட்டு மெல்ல அசையும் அளவுக்கு மட்டும் காற்று கொடுங்கள். காற்றை வெளியேற்றும் வால்வு உள்ள பையைப் பயன்படுத்துங்கள், சுமைக்கு நேர் கீழே யாரும் நிற்காதீர்கள். உங்கள் மிதவைச் சட்டையில் காற்று ஏற்றி வலையைத் தூக்குவது உயிரோடு விளையாடுவது: வலை நழுவினால் நீங்கள் மேலே பறப்பீர்கள்.

வலையில் உயிர் இருந்தால்

ஆமையை வலையோடு தூக்காதீர்கள், துடுப்பைப் பிடித்தும் தூக்காதீர்கள். ஓட்டின் இரு ஓரத்தையும் தாங்கிப் படகில் ஏற்றி, நிழலில் வைத்து, ஈரத் துணி போர்த்துங்கள். மூக்கை மட்டும் மூடக் கூடாது. தோலுக்கும் நூலுக்கும் இடையே மழுங்கிய முனையுள்ள கத்தரியை நுழைத்து வெட்டுங்கள். வாயில் இருந்தோ பின்புறத்தில் இருந்தோ நூல் வெளியே வந்தால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும். கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, கால்நடை மருத்துவரிடம் சேருங்கள்.

அசையாத ஆமையைச் செத்ததாக முடிவுகட்டி நீரில் போடாதீர்கள். நீரில் மூச்சு முட்டிய ஆமை மயங்கிக் கிடக்கும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியைத் தலையைவிட 15 செ.மீ. ஆவது உயர்த்தி, ஈரமாக வைத்திருந்தால் நுரையீரல் நீர் வடியும். 24 மணி நேரம் வரை காத்திருங்கள்.

திமிங்கிலம், டால்பின் பக்கம் போக வேண்டாம். வாலடியில் மனிதர் செத்திருக்கிறார்கள். மிதவையோடு வெளியே இழுபடும் கயிற்றையும் வெட்டாதீர்கள், விடுவிக்க வரும் குழு விலங்கைப் பின்தொடர அதுதான் பிடி.

கரையில்

மணலில் புதைந்த வலையை வண்டி கட்டி இழுத்தால் பாதி அறுந்து உள்ளேயே நிற்கும். சுற்றித் தோண்டி, அகப்பட்டதை வெட்டி எடுங்கள். ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் வனத்துறையைக் கேட்காமல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

எடுத்த ஒவ்வொரு வலைக்கும் அளவுகோல் வைத்து ஒரு படம், கண்ணி அளவு, முறுக்கு நூலா பின்னல் நூலா, நிறம், பதிவுத் தகடு இருந்தால் அதன் எண். கண்ணியை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளக்காமல் பத்துக் கண்ணியை அளந்து பத்தால் வகுங்கள்.

மறுசுழற்சிக்குப் போக வேண்டுமானால் ஈயம், மிதவை, கொக்கி, கயிறு எல்லாம் தனித்தனியாகப் பிரிய வேண்டும். ஈயத்தைக் கையுறையோடு எடுங்கள், வீட்டில் உருக்காதீர்கள். வலையை அலசிக் காயவையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் உருக்கும் இயந்திரத்தின் திருகு தேயும், ஆலை மொத்தச் சுமையையும் திருப்பி அனுப்பிவிடும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ள இரண்டு வாளி போதும். முதல் வாளியில் நல்ல தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. நூல் துண்டை உள்ளேயே விரலால் பிழிந்து காற்றுக் குமிழியை நீக்கிவிட்டு விடுங்கள், இதைச் செய்யாவிட்டால் எல்லாமே மிதக்கும். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மூழ்கினால் அடுத்த வாளி: ஒரு லிட்டர் நீருக்கு 350 கிராம் உப்பு கரைத்த கரைசல், அடர்த்தி 1.2-ஐ ஒட்டி இருக்கும். அதில் நைலான் மிதக்கும், 1.38 அடர்த்தியுள்ள பாலியெஸ்டர் மூழ்கும். நைலான் 6 வகையை மூலப்பொருளாகவே சிதைத்து மீண்டும் நூலாக்க முடியும். பாலிஎத்திலீனை உருக்கி வேறு பொருளாக வார்க்கலாம். இரண்டும் கலந்த சுமையை யாரும் வாங்க மாட்டார்கள்.

எதற்கும் உதவாததை எரிக்காதீர்கள். நைலான் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வரும். குப்பைக் கிடங்குக்கு அனுப்பும் முன் ஒரு மீட்டருக்கும் குறைவான துண்டுகளாக வெட்டிவிடுங்கள், நீள வலை அங்குள்ள இயந்திர அச்சுகளில் சுற்றிக்கொள்ளும். வலை செப்பனிடும் இடத்தில் காலடியில் உதிரும் நூல் துணுக்குகளுக்கும் ஒரு மூடிய பை தொங்கட்டும். மழை பெய்தால் அதெல்லாம் நேரே கடலுக்குத்தான்.

எடுத்து முடித்ததும், தொலைந்ததாக அறிவிப்பு இருந்த இடத்தில் ‘மீட்கப்பட்டது’ என்று பதியச் சொல்லுங்கள். பாதிதான் வந்தது என்றால் எத்தனை மீட்டர் மிச்சம், எந்த முனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த படகு அதே இடத்தில் வலை விடலாமா வேண்டாமா என்பது அதை வைத்துத்தான்.